சாமி வாங்கி வைத்த லீவுச் சீட்டுகள்

டிசம்பர் 9 என்று தேதியிட்ட ஒரு விடுப்புச் சீட்டு என்னிடம் இருக்கிறது. அஞ்சலட்டை அளவு மஞ்சள் தாள். ‘டிசம்பர் 15 முதல் 31 முடிய, ஞாயிறு நீக்கிப் பதினைந்து நாள், தாயாரைக் கவனிக்க வேண்டியிருப்பதால் விடுப்பு அளிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.’ கையெழுத்து: அன்வர், வெல்டர், இரண்டாம் பட்டறை. அடியில் ‘அனுமதி / மறுப்பு’ என்று அச்சடித்திருக்கிறது. இரண்டில் ஒன்றைக் கோடிட்டு அடிக்க வேண்டும். இரண்டும் அடிக்கப்படாமல் இருக்கின்றன. பின்பக்கம் ஒரு வரி எழுதியிருக்கிறது. அதை நான் கடைசியில்தான் பார்த்தேன், கடைசியில் சொல்கிறேன்.

வருடத்தை நான் இங்கே எழுதவில்லை. கம்பெனி இன்னும் நடக்கிறது. அதில் இன்னும் ஆட்கள் டிசம்பரில் லீவு கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தச் சீட்டை வாங்கி வைத்தவரைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு. துவாக்குடிப் பக்கம் கொதிகலன் பாகங்கள் செய்யும் நடுத்தரமான கம்பெனி எங்களுடையது. அவர் அங்கே டைம் ஆபீஸ் குமாஸ்தா. வருகைப் பதிவு, ஷிப்ட் மாற்றம், விடுப்பு எல்லாம் அவருடைய ஜன்னல் வழியாகத்தான் நடக்கும். நான் பக்கத்து அறையில் ஸ்டோர்ஸ். நடுவே பலகைத் தடுப்பு மட்டும். பதினொரு வருடம் அவருடைய முகத்தைவிடக் குரலைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். அவர் ஸ்ரீரங்கம், நான் திருவானைக்காவல். காலை ஏழேகாலுக்குச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கம்பெனி வேன் பிடிப்போம். நெற்றியில் மெல்லிசாக ஒற்றைச் சிவப்புக் கோடு, அரைக்கை வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இங்க் பேனா. பதிவேட்டில் எந்தப் பக்கத்தைத் தொடங்கினாலும் தலைப்பில் சிறிதாக ஒரு ‘ஸ்ரீ’ போட்டுவிட்டுத்தான் முதல் பெயரை எழுதுவார். எல்லோருக்கும் அவர் சாமி. பெயர் இங்கே வேண்டாம்.

அந்தப் பதினொரு வருடத்தில் அவர் ‘இல்லை’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. மிகைப்படுத்தவில்லை. இதைக் கவனிக்கத் தொடங்கிய பிறகு காது கொடுத்துக் காத்திருந்து பார்த்திருக்கிறேன்.

வீட்டில் அரிசி தீர்ந்தால் ‘இல்லை’ என்று சொல்லாமல் ‘நிறைஞ்சிருக்கு’ என்று சொல்வது பல குடும்பங்களில் உண்டு. என் வீட்டிலும் விளக்கை அணைத்தாயா என்று கேட்கமாட்டார்கள். ஆனால் அது அரிசி, உப்பு, விளக்கோடு நின்றுவிடும். அவரிடம் அது எல்லாவற்றுக்கும் பரவியிருந்தது. கண்டக்டர் சில்லறை கேட்டால், “ஆத்துல இருக்கு” என்பார். மத்தியானம் யாராவது மோர் இருக்கிறதா என்று டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்தால், “நாளைக்கு இருக்கு” என்பார். மறுநாள் மறக்காமல் கொண்டும் வருவார்.

“ஏன் சாமி, அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்ல மாட்டேங்கறீங்க?” என்று ஒருமுறை கேட்டேன்.

“சொன்னா அது கேட்டுண்டு வந்து பக்கத்துல உக்காந்துக்கும் சார்.”

பட்டறையில் இதை வைத்து அவரைக் கேலி செய்யாத ஆள் கிடையாது. அவரிடமிருந்து அந்த வார்த்தையை வரவழைக்கப் பந்தயம் கட்டினார்கள். “சாமி, உங்களுக்கு ரெண்டு கொம்பு இருக்கா?” என்று ஒருவன் ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்டான். அவர் நிமிராமல், “இருந்தா தெரிஞ்சிருக்குமே” என்றார். பந்தயத்தில் ஒருவரும் ஜெயிக்கவில்லை.

வேலை முடிந்து வீட்டுக்கு வராத கணவனைத் தேடி யாராவது ஒரு மனைவி போன் செய்வாள். “கிளம்பிட்டார்மா, வந்துண்டே இருப்பார், கவலைப்படாதே” என்பார். ஆள் மதுக்கடையில் இருப்பது அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அந்தப் பெண்கள் அவர் குரலைக் கேட்டால் சமாதானமாகிவிடுவார்கள். ஒருத்தி என்னிடம் சொல்லியிருக்கிறாள்: “சாமி போனை எடுத்தா பாதி பயம் போயிடுதுங்க.”

அவர் சொன்ன ஒரு கதை மட்டும் எனக்கு அப்போதே நெருடியது. வேனில் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவருடைய தங்கைக்குக் கும்பகோணத்திலிருந்து ஒரு வரன் வந்ததாம். வீட்டில் யாருக்கும் இஷ்டமில்லை. அதைப் போய்ச் சொல்லும் பொறுப்பு அவருக்கு. மூன்று முறை போனார். மூன்று முறையும், “பெருமாள் சித்தம் எப்படியோ, பார்ப்போம்” என்று சொல்லிவிட்டு அவர்கள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்தார். தங்கைக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. கும்பகோணத்துக்காரர்கள் பதினொரு மாதம் காத்திருந்தார்கள். நடுவில் நல்ல இடம் ஒன்று வந்து, இவர்களுக்கு வாக்கு கொடுத்தது போல ஆயிற்றே என்று அதை விட்டுவிட்டார்களாம்.

“அப்புறம் அந்தப் பையனுக்கு?” என்றேன்.

“நல்லபடியா இருப்பான் சார்,” என்றார். இருக்கிறானா என்று அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இனி விடுப்பு. எங்களுக்கு வருடத்துக்குப் பதினைந்து நாள். பச்சை அட்டை போட்ட விதிப் புத்தகம் ஒன்று எல்லோருக்கும் கொடுத்திருந்தார்கள். அதை முழுக்கப் படித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பக்கம் ஒன்பது, விதி இருபத்திரண்டு: ‘விண்ணப்பித்து, நிர்வாகத்தால் மறுக்கப்பட்ட விடுப்பு அடுத்த ஆண்டுக் கணக்கில் சேரும். ஏனைய விடுப்பு டிசம்பர் 31 உடன் காலாவதியாகும்.’

ஆட்கள் விடுப்பைச் சேர்த்து வைத்து டிசம்பரில்தான் கேட்பார்கள். மலைக்குப் போகிறவர்கள், கிறிஸ்துமஸ், பிள்ளைகளின் அரையாண்டு லீவு, வைகுண்ட ஏகாதசிக்கு வீடு நிறைய வரும் சொந்தக்காரர்கள் எல்லாம் அந்த மாதத்தில்தான். கம்பெனிக்கும் சரக்கு அனுப்பும் நெருக்கடி அந்த மாதம்தான். நவம்பர் கடைசியில் மேனேஜர் டைம் ஆபீஸுக்கு வந்து ஒவ்வொரு வருடமும் ஒரே வாக்கியத்தைச் சொல்வார். தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு அது மனப்பாடம். “டிசம்பர்ல லீவுன்னு ஒருத்தரும் என் ரூம் வாசலுக்கு வரக் கூடாது சாமி. நீங்களே பக்குவமா பாத்துக்குங்க.”

மேனேஜருக்கு விதி இருபத்திரண்டு நன்றாகத் தெரியும். மறுக்கிற வேலையை, மறுக்கத் தெரியாத ஒருவரிடம் கொடுத்திருந்தார்.

சாமி சீட்டை வலது கையால், இடது கை முழங்கையைத் தொட்டிருக்க, தீர்த்தம் வாங்குவது போல வாங்குவார். படிப்பார். வீட்டில் எல்லோரையும் பெயர் சொல்லி விசாரிப்பார். பிறகு, “அதுக்கென்ன, வெச்சுட்டுப் போங்கோ” என்பார். சீட்டு நீலக் கோப்புக்குள் போகும். அங்கிருந்து எங்கும் போகாது. நாலு நாள் கழித்து ஆள் வந்து கேட்டால், “இருக்கு இருக்கு, இந்த லோடு கிளம்பட்டும்.” அடுத்த வாரம், “இன்னும் மாசம் இருக்கே.” முப்பத்தொன்றாம் தேதி மாலை சங்கு ஊதும்போது மாசமும் தீர்ந்திருக்கும். ஜனவரி முதல் வேலை நாளில் புதுப் பதிவேடு, தலைப்பில் ‘ஸ்ரீ’, பழைய பாக்கி என்ற கட்டத்தில் எல்லோருக்கும் பூஜ்யம். அன்று அவர் கோயில் அப்பம் கொண்டுவந்து ஒவ்வொருவருக்கும் கையில் கொடுப்பார். “நம்ம லீவைத் தின்னுட்டு நமக்கே அப்பம் குடுக்கறாரு சாமி” என்று சிரித்துக்கொண்டே எல்லோரும் வாங்கிச் சாப்பிடுவார்கள். நானும் சாப்பிட்டேன். யாருக்கும் அவர்மேல் கோபம் வரவில்லை. மறுத்திருந்தால்தானே கோபம் வரும்.

அன்வர் பாலக்கரை. தகப்பனார் இல்லை. அவருடைய அம்மாவுக்கு ஒரே ஆசை ஹஜ். மகன் உடன் வந்தால்தான் போவேன் என்று இருந்தார். இரண்டு பேர் பெயரையும் ஒரே மனுவில் போட்டு, யாத்திரிகர்களைத் தேர்ந்தெடுக்கும் குலுக்கலுக்கு அனுப்ப வேண்டும். பெயர் வந்துவிட்டால் பயணம் நாற்பது நாள். பதினைந்து நாள் விடுப்பில் நாற்பது நாளுக்கு எங்கே போவது என்று ஒருநாள் ஸ்டோர்ஸில் எலக்ட்ரோடு வாங்க வந்தபோது கேட்டார். பக்கம் ஒன்பதைக் காட்டியது நான்தான்.

“ரெண்டு டிசம்பர் கேளுங்க. எப்படியும் குடுக்க மாட்டாங்க. மறுத்தா சேரும். மூணாவது வருஷம் நாப்பத்தஞ்சு நாள் கையில இருக்கும்.”

“குடுத்துட்டா?”

“அம்மாவோட வீட்ல இருங்க.”

அவர் விதியைத் தமிழில் இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “அப்ப வாழ்க்கையில முதல் தடவையா ‘முடியாது’ன்னு ஒருத்தர் சொல்லணும்னு துவா கேக்கணும்.”

அம்மா அப்போதிலிருந்தே பயிற்சி எடுக்க ஆரம்பித்துவிட்டார். அங்கே நிறைய நடக்க வேண்டியிருக்குமாம். காலைத் தொழுகை முடிந்ததும் புது ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு சிக்னல் வரை போய்த் திரும்புவார். முதலில் ஒரு நடை. பிறகு இரண்டு. ஏழு நடைக்கு வந்துவிட்டால் போதும் என்று கணக்கு. அன்வர் வேனில் ஏறியதும் நான் கேட்பேன், “இன்னிக்கு எத்தனை?” அவர் விரலைக் காட்டுவார்.

முதல் டிசம்பரில் அவர் சீட்டுக் கொடுத்ததைத் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன்.

“வாங்கோ அன்வர். எத்தனை நாள்?”

“பதினஞ்சும் சாமி.”

“பேஷா. அம்மா எப்படி இருக்கா?”

“மூணு நடை போறாங்க.”

“அதுக்கென்ன, வெச்சுட்டுப் போங்கோ.”

“சாமி, முடியாதுன்னா முடியாதுன்னே சொல்லிடுங்க. எனக்கு ரெண்டும் சரிதான்.”

கோப்பைத் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் இன்னும் தணிந்து வந்தது. “நல்ல காரியம் நினைச்சுண்டு வந்திருக்கேள். அந்த வார்த்தை எதுக்கு. நல்லதே நடக்கும். வெச்சுட்டுப் போங்கோ.”

வாங்கிக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து வாங்கியிருக்கலாமே என்று மத்தியானம் அன்வரிடம் சொன்னேன். “சாமிகிட்டயா? அவரு வாங்கினா வாங்கினதுதான் சார். அவருகிட்டப் போயி அத்தாட்சி கேட்டா நல்லாவா இருக்கும்?” எனக்கும் அது சரியென்றே பட்டது. எதற்கும் தேதியும் ரசீதும் பார்க்கிறவன் நான். அன்றைக்கு ரசீது வேண்டாம் என்று நினைத்தேன்.

அந்த வருடம் பதினைந்து நாளும் அன்வர் வேலைக்கு வந்தார். அடுத்த டிசம்பரிலும் அப்படியே. ஜன்னலில் அதே பேச்சு. ஒரே வித்தியாசம், “அம்மா?” என்றதற்கு “ஆறு” என்றார்.

குலுக்கலில் பெயர் வந்தது மூன்றாவது வருடம் பிப்ரவரியில். அன்று அம்மா ஏழு நடை போய் வந்ததாக என் நாட்குறிப்பில் இருக்கிறது. பிப்ரவரி 11 மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அன்வர் மேனேஜர் அறைக்குப் போனார். விதிப் புத்தகத்தோடு நானும் போனேன்.

“நாப்பது நாளா? உன் கணக்குல பதினஞ்சுதானே இருக்கு அன்வர்” என்றார் மேனேஜர். அவர் கோபக்காரர் அல்ல.

“போன ரெண்டு வருஷமும் கேட்டேன் சார். குடுக்கல. விதி இருபத்திரண்டுபடி அது சேரணும்.”

“மறுத்திருந்தா கண்டிப்பா சேரும். நான் மறுக்கலையே. சாமியைக் கூப்பிடுவோம்.”

சாமி வந்து வாசலருகே நின்றார்.

“இவர் ரெண்டு வருஷமும் லீவு கேட்டாரா சாமி?”

“கேட்டார் சார்.”

“நாம மறுத்தோமா?”

அவர் அன்வரைப் பார்த்தார். அன்வர் தலையை லேசாக ஆட்டினார், சொல்லுங்கள் என்பது போல. ஆமாம் என்ற ஒரு சொல் போதும். இத்தனை வருடம் அவர் எல்லோரிடமும் சொல்லி வந்த அதே ஆமாம்தான். ஆனால் இந்த ஒரு ஆமாம் என்றால், அத்தனை டிசம்பரிலும் அவர் செய்துவந்தது மறுப்புத்தான் என்று ஆகிவிடும்.

“குடுத்துடலாம்னுதான் சார் இருந்தோம்” என்றார்.

“பாத்தியா அன்வர். மறுக்கவே இல்ல. நீதான் எடுத்துக்கல.”

“சீட்டு இருக்கும்ல சாமி?” என்றார் அன்வர். “அதையாவது காட்டுங்க.”

“இருக்கு அன்வர். தேடி எடுத்துண்டு வரேன்.”

போனார். நாங்கள் நின்றோம். பன்னிரண்டு பத்திலிருந்து பன்னிரண்டரைச் சங்கு வரை நின்றோம். அவர் திரும்பி வரவில்லை. மேனேஜர் சாப்பிடக் கிளம்பும்போது, சம்பளமில்லாத விடுப்பு பத்து நாளைத் தாண்டினால் பெயரை எடுத்துவிடும் விதியையும் நினைவுபடுத்திவிட்டுப் போனார். அது விதி இருபத்தாறு. அதுவும் சரியாகவே இருந்தது.

அன்வர் வேலையை விடத் தயாரானார். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “உன் மூணு புள்ளைங்க சோத்தைத் தட்டிவிட்டுட்டு நான் போனா அந்தப் பயணம் எனக்கு ஆகுமா? ரத்துன்னு எழுதிக் குடுத்துட்டு வா. அடுத்த வருசம் பேரு வரும்” என்றாராம். அடுத்த வருடம் வரவில்லை. அதற்கடுத்த வருடமும் வரவில்லை. நடை ஏழிலிருந்து குறைந்துகொண்டே வந்தது. நான் வேனில் கேட்பதை நிறுத்திவிட்டேன். இப்போது அம்மா கட்டிலிலிருந்து வாசல் வரை வருவதற்கு இரண்டு பேர் பிடிக்க வேண்டும். செருப்பு கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.

ரத்து எழுதிக் கொடுத்த வாரம் வேனில் அன்வர் சாமியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். நான் பின்னிருக்கையில் இருந்தேன்.

“நான் உங்ககிட்ட லீவு கேக்கவே இல்ல சாமி. ஒரு ‘முடியாது’தான் கேட்டேன். அது கூடவா குடுக்கக் கூடாது?”

“வாய் எப்படி வரும் அன்வர்,” என்றார் அவர். “உங்க அம்மா நடந்துண்டிருக்கா. நான் எப்படிச் சொல்லுவேன்?”

பொய்யில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. அதனால் யாருக்கும் ஒரு பயனும் இல்லை. அடுத்த ஜனவரியில் அவர் நீட்டிய அப்பத்தை அன்வர் மரியாதையாக வாங்கி, டைம் ஆபீஸ் ஜன்னல் திட்டிலேயே வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனார். மாலை வரை அதில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. சாமி அதை எடுக்கவும் இல்லை, தட்டிவிடவும் இல்லை.

அவர் ஓய்வு பெற்ற பிறகு டைம் ஆபீஸை எடுத்துவிட்டார்கள். இப்போது லீவு கைப்பேசியில் கேட்க வேண்டும். டிசம்பரில் கேட்டால் ‘பரிசீலனையில்’ என்று மஞ்சள் நிறத்தில் காட்டும். முப்பத்தொன்றாம் தேதி வரை அப்படியே காட்டும். ஜனவரி ஒன்றாம் தேதி அந்த வரி மறைந்துவிடும். அதுவும் மறுப்பதில்லை.

பழைய அலமாரியைப் பேப்பர்காரருக்குப் போடும் அன்று நீலக் கோப்பு என் கைக்கு வந்தது. நூற்று நாற்பத்தாறு சீட்டுகள். எதிலும் ‘அனுமதி’யும் அடிக்கப்படவில்லை, ‘மறுப்பு’ம் அடிக்கப்படவில்லை. ஸ்ரீரங்கத்துக் கோயில் சுவர்களை வருடக்கணக்காகப் படித்து வருகிறேன். யார் எதைக் கொடுத்தார்கள் என்றுதான் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கேட்டுக் கிடைக்காதவர்களின் பெயரை எங்கும் பார்த்ததில்லை. அந்தக் கோப்பு அப்படிப்பட்ட பெயர்களின் தொகுப்பு. ஒவ்வொன்றாகப் புரட்டினேன். இரண்டே இரண்டில் மட்டும் பின்பக்கம் எழுத்து இருந்தது. இரண்டும் அன்வருடையவை. ‘மறுக்கப்பட்டது’, கீழே சாமியின் சுருக்கொப்பம், அந்தந்த வருடத்து டிசம்பர் 10. தலைப்பில் ‘ஸ்ரீ’ இல்லை.

மார்ச் 14, ஞாயிறு காலை, அந்த இரண்டு சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். சற்று இளைத்திருந்தார். சீட்டுகளைப் பழையபடி முழங்கையைத் தொட்டுக்கொண்டு வாங்கினார். முன்பக்கம் படித்தார். திருப்பினார். வெகு நேரம் பார்த்தார்.

“இது எப்ப எழுதினது சாமி? அன்னிக்கேவா, இல்ல எல்லாம் முடிஞ்சப்புறமா?”

“சொல்றேன். முதல்ல காபி சாப்பிடுங்கோ.”

சாப்பிட்டேன்.

“அன்னிக்கே எழுதியிருந்தா மேனேஜர் கேட்டப்ப ஏன் எடுத்துட்டு வரல?”

அவர் சீட்டுகளின் ஓரங்களைச் சரியாக ஒன்றின்மேல் ஒன்று சேர்த்தார். “அன்வரோட அம்மா நடக்கறாளோ?” என்று கேட்டார்.

“இல்லை” என்றேன்.

அந்த வார்த்தையை அவர் வீட்டுக்குள் நான்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு, “அதுக்கென்ன, வெச்சுட்டுப் போங்கோ, பாத்துச் சொல்றேன்” என்றார். நான் வைத்துவிட்டு வரவில்லை. அவர் கையிலிருந்து சீட்டைத் திரும்ப வாங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இரண்டு சீட்டுகளிலும் பின்பக்க எழுத்து ஒரே நீல பால்பாயிண்டில் இருக்கிறது. முதல் சீட்டின் வருடத்தில் அவர் இங்க் பேனாவில்தான் எழுதினார். அதை வைத்துப் பார்த்தால் இரண்டையும் பிறகு ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியிருக்கலாம். ஆனால் மஞ்சள் தாளில் இங்க் ஊறும் என்று தடுப்புக்கு மேலே கையை நீட்டி என்னிடம் பால்பாயிண்ட் வாங்கியும் பலமுறை எழுதியிருக்கிறார். அன்றே எழுதியிருந்தால், அன்வருக்கு வேண்டியிருந்த அந்த ஒரு வார்த்தை பிப்ரவரி 11 அன்று இருபது நிமிடம் அவர் மேஜைக்குள்ளேயே இருந்திருக்கிறது. பிறகு எழுதியிருந்தால், அது யாருக்கும் பயன்படாத காலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அன்வரிடம் இந்தச் சீட்டுகளை நான் இன்னும் காட்டவில்லை. எழுதிய நாள் எது என்பது இதுவரை உறுதி செய்யப்படவில்லை.